அஞ்சடித் தூணில் ஒரு பெயர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் டின் மூடிகளின் மேல் சாக்கட்டியால் ஆட்களின் பெயரைத்தான். தாளில் எழுதினால் வரி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு போகிறது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசகசாலை ஆண்டு மலருக்கு உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தில் மற்றவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரலாம் என்று பலகையில் போட்டிருந்தது. நான் அங்கே பத்திரிகை படிக்க வருகிறவன். மூலையில் உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். யாரிடமும் பேசியதில்லை, என்னைப் பலருக்குத் தெரியாது. ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியபோது நான் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதை எழுதலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த மாவு மில்லில் வேலை. தேக்காவிலிருந்தும் ஃபேரர் பார்க் பக்கத்திலிருந்தும் அரிசி, மல்லி, மஞ்சள், மிளகாய் என்று டின்னில் கொண்டுவருவார்கள். டின்னை வாங்கி, மூடியில் பெயர் எழுதி, வரிசையில் வைத்து, மெஷினின் வாயில் கொட்டி அரைத்து, திரும்ப அதே டின்னில் பிடித்துக் கொடுப்பது என் வேலை. அரைப்பதில் ஒரு முறை உண்டு. காலையில் மில் திறந்ததும் முதலில் அரிசி, பிறகு மஞ்சள், பிறகு மல்லி, எல்லாவற்றுக்கும் கடைசியில் மிளகாய். மிளகாய் ஓடிய கல்லில் அரிசியைப் போட்டால் அந்த மாவில் சுட்டதைக் குழந்தை வாயில் வைக்க முடியாது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்ததற்கு ஒரு காரணம், மெஷின் போடும் சத்தம். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்த வேண்டும். என்னைப் போல் கூச்சப்படுகிறவனுக்கு அது வசதி. இன்னொன்று, மில்லில் எல்லோரும் இருமுவார்கள். மிளகாய் நெடி சுவரிலேயே ஊறிப்போயிருக்கும். வாசலில் நிற்கிறவர்கள் தும்முவார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மில்லில் ஒருவன் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தினமும் முதல் டின் ஆப்பக்கார அம்மாவுடையது. ஊறவைத்து நிழலில் உலர்த்திய அரிசி. அவர் புருஷன் துறைமுகத்தில் வேலை செய்து இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. எங்கள் சந்திலேயே கீழ் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற அஞ்சடியில், இரண்டு தூண்களுக்கு நடுவே அடுப்பைப் போட்டு ஆப்பம் சுட்டு விற்பார். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே பசியாறிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சேலை கட்டி மாதா கோயிலுக்குப் போவார், அன்று அடுப்பு இல்லை. அவர் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை. ஆப்பக்கார அம்மா என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

காய்ச்சல் ஹாங்காங் பக்கமிருந்து வந்ததாகப் பத்திரிகையில் போட்டார்கள். பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை எழுந்தபோது எனக்கு முதுகெலும்பு முழுவதும் யாரோ அடித்துப்போட்டது போல் வலித்தது. கண் எரிந்தது. பார்வதி, அதாவது என் மனைவி, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுதே, இன்னிக்குப் போகாதீங்க" என்றாள். நான் போனேன். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் நிற்க ஆள் இருந்தார்கள். வழக்கமாக மூக்கிலும் வாயிலும் ஈரத் துண்டு கட்டிக்கொண்டுதான் மெஷினிடம் நிற்போம். அன்று மூச்சு முட்டியதால் நான் துண்டைக் கழற்றிவிட்டேன். அடுத்த நாளும் கட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆப்பக்கார அம்மா டின்னை எடுத்துவந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து காதில் கத்தினார்.

"என்னண்ணே, கண்ணெல்லாம் இப்படிச் செவந்து கெடக்கு?"

நான் குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோய்ச் சொன்னேன். "மொளகாத் தூளும்மா."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் கன்னத்தில் என் மூச்சுப் பட்டது. அவர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்தக் கம்மினாட்டி மெஷினுக்கு ஒரு நாள் லீவு குடுங்களேன்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வந்தபோது அவருக்கு இருமல் இருந்தது. வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்குள் எங்கள் சந்தில் நாலைந்து வீடுகளில் படுத்துவிட்டார்கள். எனக்கு உள்ளே காய்ச்சல் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் நான் நின்றேன். நிற்க முடிந்ததால், எனக்கு வந்தது வேறு ஏதோ ஒன்று என்று நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை மில் மேஸ்திரி சிங்காரம் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். சிங்காரம் ஆள் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

"மில்லுலேருந்துதான் பரவுதுன்னு பேசிக்கிறாங்கய்யா. நேத்து பாதிப் பேர் டின் கொண்டாரல. சுகாதார இலாகாக்காரன் வந்தா கதவைச் சாத்திட்டுப் போயிடுவான். அப்புறம் நீயும் நானும் எங்க போறது?"

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"நீதான வாசல்ல நிக்கிற. யாரு மொதல்ல இருமிக்கிட்டு வந்தது? ஒன் கண்ணுல படாம இருக்காதே."

அப்போது என் வாயில் உண்மை இருந்தது. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னது இது: "ஆப்பக்கார அம்மா கொஞ்சம் இருமினாப்ல இருந்துச்சு."

அது பொய்யும் இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவர் இருமியது உண்மை. அவர் இருமுவதற்கு இரண்டு நாளுக்கு முன் நான் இருமியதை மட்டும் விட்டுவிட்டேன்.

சிங்காரம் தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். சட்டியில இருமிக்கிட்டே சுட்டா தெரு பூராவும் போகாதா? ஜனங்க அத மொதல்ல தெரிஞ்சுக்கணும். காலையில சாக்கட்டி எடுத்து அவ அடுப்பு போடுற தூண்ல எழுதிடு. ஒனக்குத்தான் தெனம் எழுதிப் பழக்கம்."

"நானா?"

"பின்ன நானா? எனக்குக் கையெழுத்துப் போடவே வராது."

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. இந்தப் பேச்சு அவர் பக்கம் திரும்பிவிட்டால் என் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று என் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் உணர்ந்தேன். அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அஞ்சடியில் ஆள் இல்லை. தினமும் டின் மூடியில் எழுதுகிற அதே சாக்கட்டி. முதலில் அவர் பெயரை எழுதினேன். கீழே, 'ஆப்பம் வாங்காதீர்கள், காய்ச்சல் வீடு' என்று எழுதினேன். தூண் வழவழப்பாக இருந்ததால் நன்றாகவே விழுந்தது. சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

பகலில் சந்து கூடிவிட்டது. எங்கள் அறை மேல் மாடியில். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பு போடும் இடத்தில் ஊற்றினாள். யாரோ அவர் கதவு நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டார்கள். வேப்பிலை அம்மை கண்ட வீட்டுக்கு வைப்பது. ஆத்தா வந்திருக்கிறாள், தள்ளி நில்லுங்கள் என்பதற்காக. இது அம்மை இல்லை. அவரோ வேதக்காரர். ஆனாலும் செருகினார்கள். அது மரியாதைக்காகச் செருகிய வேப்பிலை இல்லை.

காய்ச்சலோடு அவர் கதவைத் திறந்து பேசிய குரல் மேலே கேட்டது. தொண்டை கட்டியிருந்தது.

"இது ஒங்க ஆத்தாவுக்கு வைக்கிறது. எடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட என்ன இருக்கோ அது ஒங்க வீட்டுலயும் இருக்கு."

"ஆமா, நீ போட்ட ஆப்பத்துல வந்ததுதான்" என்று ஒரு ஆண் குரல் சொன்னது. சிலர் சிரித்தார்கள். "ஆப்பக்காரி, இனிமே காய்ச்சக்காரி" என்று இன்னொருவன் சொன்னான். அந்தப் பெயர் பிறகு நிலைத்துவிட்டது.

பார்வதி ஜன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பாவம், எவன் செஞ்ச வேலையோ" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மெஷின் பக்கத்தில் நான் விழுந்தேன். மூச்சு இழுக்கும்போது வலது விலாவில் கத்தி குத்துவது போல் இருந்தது. சிங்காரம் டிரைஷா பிடித்தார். டிரைஷாக்காரச் சீனர் கழுத்தில் இருந்த துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டுதான் மிதித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இனி ஆஸ்பத்திரி. இதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும் பகுதி.

வெளி நோயாளிகள் கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள், தரையிலும் ஆட்கள். எல்லா இனத்தாரும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இருமினார்கள். என் முறை வரும்வரை பார்வதி என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். வெள்ளைக்கார டாக்டர் என் முதுகில் காதுக்குழாயை வைத்து, மூச்சை இழு, விடு என்று கையால் காட்டினார். பிறகு மார்பைப் படம் எடுக்க அனுப்பினார். சட்டையைக் கழற்றிச் சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வலி ஒன்றும் இல்லை. எனக்கு இருமல் வந்துவிட்டதால் இரண்டு தடவை எடுத்தார்கள்.

அங்கே ஒரு தமிழர் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டருக்கு உதவியாளராக, இருந்தார். டாக்டர் சொல்வதை எங்களுக்கு அவர்தான் எடுத்துச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் கறுப்பாகத் தெரிந்தால் காற்று நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வலது பக்கம் அடியில் வெள்ளையாக, மேகம் மாதிரி இருந்தது. அங்கே காற்றுக்குப் பதில் சளி கட்டியிருந்தது. அதற்கு நிமோனியா என்று பெயர். காய்ச்சல் வந்ததும் படுத்து ஓய்வு எடுத்திருந்தால் பலருக்கு இது வராது என்றார். தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் ஆபத்து என்றார்.

வார்டில் இடமில்லாமல் என் கட்டிலைத் தாழ்வாரத்தில் போட்டார்கள். பென்சிலின் ஊசி இடுப்பில். போட்ட இடம் கல் மாதிரி இறுகிவிடும். ஒரு பக்கம் போட்டால் அடுத்தது மறுபக்கம். முதல் மூன்று நாள் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். பக்கத்தில் இரும்புச் சிலிண்டர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதைப் பார்த்து, இதற்கெல்லாம் பில் எவ்வளவு வருமோ என்று நான் பயந்தேன். மூன்றாம் வகுப்பு வார்டு, காசு கிடையாது, பயப்படாதீர்கள் என்று டிரெஸ்ஸர் சொன்ன பிறகுதான் குழாயிலிருந்து தாராளமாக மூச்சு இழுத்தேன். மூடி போட்ட ஒரு குவளை கொடுப்பார்கள், சளியை அதில்தான் துப்ப வேண்டும். அதன் நிறத்தை மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தினமும் பார்ப்பாள். முதலில் செங்கல் நிறம், பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. வெள்ளையானால் நல்லது. கால்மாட்டில் தொங்கும் அட்டையில் காய்ச்சலைக் கோடாகப் போடுவார்கள். அந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

பக்கத்துக் கட்டிலில் காதர் பாய். பஸ் கண்டக்டர். மூச்சு வாங்கும்போதும் பேசுவார்.

"டிக்கெட்டுக்கு எல்லார்கிட்டயும் காசு வாங்குனேன் அண்ணே. காய்ச்சல மட்டும் ஓசியில குடுத்துட்டாங்க."

"யாரு குடுத்தாங்கன்னு தெரியுமா?" என்று நான் கேட்டேன். யாரிடமும் நானாகக் கேள்வி கேட்பவன் இல்லை. அன்று கேட்டேன்.

"பஸ்ஸுல ஏறுனவன் பூரா இருமுறான். எவன்னு பிடிக்கிறது? நான் எத்தன பேருக்குக் குடுத்தேனோ. அவங்க வீட்டுல என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. திட்டட்டும். யாருன்னு தெரியாமத்தான திட்டுறாங்க."

யார் கொடுத்தது என்று தெரியாதது அவருக்கு ஆறுதலாக இருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது.

அது நிச்சயமானது ஐந்தாம் நாள். டிரெஸ்ஸர் ஒரு தாளோடு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?

"போன வாரம் திங்கக்கெழமைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எட்டு நாள் காய்ச்சலோட வேல பாத்தீங்களா? மில்லுலயா?"

"ஆமாங்க."

"இது மூச்சுல போற வியாதி. கிட்ட நின்னு பேசினா, இருமினா, ரெண்டு மூணு நாள்ல அவங்களுக்கு வரும். சாப்பாட்டுல வர்றது இல்ல. ஒங்க பக்கத்துல வேற யாருக்காச்சும் வந்துச்சா?"

செவ்வாய், புதன், வியாழன் என்று நான் போர்வைக்குள் விரலை மடக்கினேன். மெஷின் பக்கத்தில் அவர் கன்னத்தில் பட்ட மூச்சு எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டில் வருவதில்லை என்பதும் காதில் நின்றது. ஆப்பச் சட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. அவர் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார். தாளில் குறித்துக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான். அப்படியும் எனக்கு வாய் வரவில்லை.

பார்வதி தினமும் பார்வையாளர் நேரத்துக்கு வந்துவிடுவாள். எங்கள் மகளைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு வருகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். வெந்தயமும் பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்திருந்தது. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நாக்கில் ருசி தெரிந்தது. முழுவதும் குடித்தேன். பிறகுதான் அவள் சொன்னாள்.

"நீங்க இங்க வந்ததுலேருந்து என்னைக் கொழாயடியில யாரும் சேக்குறதில்ல. நான் போனா வாளிய எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போயிடுறாங்க. பின்கட்டுப் படியில ஏறினா மூக்கைப் பொத்துறாங்க. பாப்பாவையும் வெச்சுக்க மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப தண்ணிக்கு?"

"ஆப்பக்கார அக்காதான் புடிச்சுத் தர்றாங்க. எந்திரிச்சு நாலு நாள்தான் ஆவுது, நிக்கவே முடியல அவங்களால. 'எனக்கு வந்துட்டுப் போயிடுச்சு, இனி வராது, பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நீ போ'ன்னுட்டாங்க. இந்தக் கஞ்சியும் அவங்க வெச்சதுதான்."

தூக்குவாளி என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"இன்னொண்ணு கேளுங்க" என்றாள் பார்வதி. "அந்தத் தூண்ல எவனோ எழுதி வெச்சானே, அத நான் கழுவிட்டேன். அஞ்சடியில மழை படாதுல்ல, அப்படியே இருந்துச்சு. அந்தக்கா தெனம் அதத் தாண்டித்தான் எனக்குத் தண்ணி கொண்டாந்தாங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, என்ன எழுதியிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் பாக்க, துணிய நனைச்சு அழுத்தித் தொடச்சேன்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நன்றாகச் செய்தாய் என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பயந்துபோய் மிஸ்ஸியைக் கூப்பிட்டாள். மிஸ்ஸி வந்து காய்ச்சல் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு உடம்பு தேறியது. கோடு சமமாக ஓடியது. குவளையில் வெள்ளைதான். காதர் பாய் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போகும்போது என் கட்டிலைத் தட்டி, "நம்ம பஸ்ஸுல ஏறுனா டிக்கெட் எடுக்க வேணாம். ஆனா இருமக் கூடாது" என்றார். பதினாறாம் நாள் இன்னொரு படம் எடுத்துப் பார்த்து, மேகம் கலைந்துவிட்டது என்று என்னையும் அனுப்பினார்கள். இரண்டு வாரம் தூசியில் நிற்கக் கூடாது என்று சொன்னார்கள். வீட்டிலிருந்த அந்த இரண்டு வாரமும் நான் அஞ்சடிப் பக்கம் போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் மறுபடியும் அடுப்பு போட்டிருந்தார். முன்பு இருபது பேர் நிற்கிற இடத்தில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

மில்லுக்குத் திரும்பிய முதல் காலை. நான் போனபோது அவர் டின்னோடு வாசலில் நின்றார். இளைத்திருந்தார்.

"ஒடம்பு தேவலையாண்ணே?"

"தேவலம்மா."

டின்னை வாங்கிக் கீழே வைத்தேன். பழக்கத்தில் கை சாக்கட்டியை எடுத்தது. மூடியின் மேல் கொண்டுபோனேன். அவர் தன் உள்ளங்கையை விரித்து மூடியின் மேல் வைத்துவிட்டார்.

"எழுத வேணாம்ணே. நான் இங்கயே நிக்கிறேன். அரைச்ச ஒடனே கையோட வாங்கிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற மாதிரிதான் சொன்னார். மெஷினைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். என் காதருகே வந்து பேச வேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரவர் பெயரை அவரவர் டின்னில்தான் பார்ப்பார்கள். அந்தப் பெயரை என் எழுத்தில் ஒவ்வொரு நாளும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தூணில் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். தெரிந்துகொண்டுதான் கஞ்சி வைத்தார்.

மெஷினைப் போட்டேன். அவர் நின்றார். வாங்கிக்கொண்டு போனார். மன்னித்துவிடுங்கள் என்று அந்தச் சத்தத்தில் கத்தியிருக்கலாம், வேறு யாருக்கும் கேட்டிருக்காது. கத்தவில்லை. அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு காலையும் அப்படித்தான். மற்ற டின்கள் பெயரோடு வரிசையில் இருக்கும். அவர் தன் டின்னுக்குப் பக்கத்தில் தானே நிற்பார். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கலாம், தேங்காய் துருவியிருக்கலாம். நின்றார்.

ஒன்றரை வருஷம் அப்படி நடந்தது. காய்ச்சலை ஊர் மறந்துவிட்டது, 'காய்ச்சக்காரி' என்ற பெயரை மட்டும் மறக்கவில்லை. பிறகு அவர் தம்பிக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்து, அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆப்பம் சுடுவதில்லையாம். சிங்காரம் ஊருக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார். தூணில் எழுதியது யார் என்று தெரிந்தவர்கள் நேற்றுவரை இரண்டே பேர்.

இந்தக் கட்டுரையை முதலில் ஆஸ்பத்திரிப் படத்தோடும் ஊசியோடும் எழுதி முடித்துவிட்டேன். கிழித்துப் போட்டு, நடந்தபடி மறுபடியும் எழுதினேன். நேற்று மத்தியானம் பார்வதியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். தூண் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. கடைசிவரை கேட்டாள்.

"அப்ப நான் கழுவினது ஒங்க எழுத்தையா?" என்றாள்.

நான் தாளை மடித்தேன்.

"அந்தக்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள். பிறகு, "ஆப்பக்கார அம்மா, ஆப்பக்கார அம்மான்னு எழுதியிருக்கீங்களே, ஏன், அவங்களுக்குப் பேரு இல்லியா? அன்னிக்குத் தூண்ல பேரு போட்டுத்தான எழுதினீங்க. இன்னிக்கும் பேரு போட்டே எழுதுங்க. எழுதிட்டு, அச்சானதும் குவீன்ஸ்டவுனுக்கு நம்ம ரெண்டு பேரும் போயி அவங்க கையில குடுப்போம். அவங்க வாங்கிக்கிட்டாலும் சரி, மூஞ்சில விட்டெறிஞ்சாலும் சரி" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு இந்த நிமிஷம்வரை அவள் என்னிடம் பேசவில்லை.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இடம் போதாவிட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிகளை மட்டும் அப்படியே போடுங்கள்.

அந்த அம்மாவின் பெயர் அருளம்மாள். அருளம்மாள் சுட்ட ஆப்பத்தால் எங்கள் சந்தில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அருளம்மாளுக்குக் காய்ச்சலைக் கொடுத்தவன் நான். தூணில் எழுதியவனும் நான்.

மாவு மில் முத்தையா
12 மார்ச் 1966